உரு மாறாத சொற்கள்: ஜப்பானிய இலக்கணமும் ரஹாங் பேச்சும்

சிரம்பான் பக்கத்துச் செனவாங் தொழிற்பேட்டையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவருக்குக்கூட ஐந்து ஜப்பானியச் சொற்கள் மனப்பாடமாகிவிடும்: செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே. வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, துப்புரவாக வை, அந்தச் சுத்தம் கெடாமல் பார்த்துக்கொள், ஒழுங்கைப் பழக்கமாக்கு. '5 எஸ்' என்ற பெயரில் மலேசியத் தொழிற்சாலைச் சுவர்களிலும், ஒரு காலத்தில் அரசு அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தொங்கிய பட்டியல் இது. ரஹாங், லாபு, ரந்தாவ் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாகப் போனபோது, பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வேலை தேடிப் போனது இந்தத் தொழிற்பேட்டைகளுக்குத்தான்.

இந்த ஐந்தில் எதையும் தமிழ் வினையாக நேரே ஓட்ட முடியாது. 'மேசையைச் செய்ரித்தேன்' என்று யாராலும் சொல்ல வராது. 'செய்ரி பண்ணிட்டேன்' என்றுதான் வரும். ஜப்பானியரும் அதையேதான் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர்களுக்கும் 'செய்ரி' சீனத்திலிருந்து வந்த சொல். அதை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் 'சுரு' என்ற வினையை நிறுத்துகிறார்கள்; 'சுரு' என்றால் செய் என்று பொருள். காலம், எதிர்மறை, மரியாதை எல்லாச் சுமையையும் 'சுரு'தான் தூக்கும். செய்ரி, செய்தோன், செய்சோ மூன்றும் இந்த இனம். நான்காவது, செய்கெத்சு, 'ந' ஒட்டிப் பெயருக்கு அடையாக நிற்கும். ஐந்தாவதான ஷித்சுகே மட்டும் நாட்டுச் சொல். 'ஷித்சுகெரு' என்ற வினையிலிருந்து பெயராகிப்போனது. பிறப்பு வேறானாலும் சுவரில் ஒட்டியிருக்கும்போது ஐந்தும் உரு மாறாமல் நிற்கும் சொற்கள். ஜப்பானிய இலக்கணம் இவற்றைத் 'தாய்கென்' என்ற குடையின்கீழ் வைக்கும். உரு மாறும் சொற்களை 'யோகென்' என்னும்.

உரு மாறாத சொற்களை எந்த அளவுகோலால் வகுப்பது என்பது ஜப்பானியருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தமிழும் மலாயும் அதே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. ரஹாங் பக்கத்தில் வளரும் பிள்ளை ஒரே பள்ளிப் பையில் இரண்டு மூன்று இலக்கணங்களைச் சுமக்கிறது: தமிழ் வகுப்பில் பெயர், வினை, இடை, உரி, மலாய் வகுப்பில் வேறு நான்கு, ஆங்கில வகுப்பில் எட்டு. ஒன்றில் கற்றது மற்றொன்றில் ஏன் பொருந்தவில்லை என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

ஜப்பானிலிருந்து தொடங்கலாம். இன்று அங்கே பள்ளியில் கற்பிக்கும் இலக்கணம் பெரும்பாலும் ஹஷிமோதோ ஷின்கிச்சி (1882–1945) வகுத்த வழி. சொல்வகை பத்து. ஹஷிமோதோ சொற்களை இரண்டு முறை அறுக்கிறார். தனித்து நிற்குமா, இன்னொன்றை ஒட்டித்தான் நிற்குமா என்பது முதல் வெட்டு. உரு மாறுமா மாறாதா என்பது இரண்டாவது. வினை, இருவகைப் பண்புச்சொற்கள், வினையை ஒட்டி வரும் துணைச்சொல் என்ற நான்கும் உரு மாறும். பெயர், வினையடை, பெயரை மட்டும் தழுவும் அடை, இணைப்புச்சொல், வியப்புச்சொல், 'ஜோஷி' எனப்படும் ஒட்டுச்சொல் என்ற ஆறும் மாறா.

மாறாதது என்றால் முழுக்கவே மாறாது. 'யாமா' என்றால் மலை. மலையை என்பதற்கு 'யாமா ஓ', மலைக்கு என்பதற்கு 'யாமா நி', மலையிலிருந்து என்பதற்கு 'யாமா காரா'. யாமாவின் மேல் ஒரு கீறல் விழாது. தமிழில் 'மரம்' வேற்றுமை ஏற்றவுடன் 'மரத்தை' ஆகிறது. வீடு 'வீட்டை' ஆகிறது. ஆறு 'ஆற்றை' ஆகிறது. ஆக ஜப்பானியப் பெயர்ச்சொல் தமிழ்ப் பெயர்ச்சொல்லைவிடப் பிடிவாதமானது. அடைச்சொல்லில் நிலைமை தலைகீழ். 'உயர்ந்த' என்று பொருள்படும் 'தகாய்' இறந்தகாலத்தில் 'தகாகத்தா' ஆகிவிடும். காலம் காட்டும் பண்புச்சொல் அது. நம் 'பெரிய', 'நல்ல' எந்தக் காலத்துக்கும் அசையாது.

இந்த அறுவைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானிய மொழிக்கு முதலில் விரிவாக இலக்கணம் எழுதி அச்சிட்டவர் ஜொவாவ் ரொட்ரிகஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார். நாகசாகியில் 1604 முதல் 1608 வரை அச்சேறியது. அதே சபையைச் சேர்ந்த அன்றிக்கே அடிகளார் முத்துக்குளித்துறைத் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதியது 1549 வாக்கில். இருவர் கையிலும் இருந்தது இலத்தீன் அச்சு. இலத்தீனில் பெயரே உரு மாறும். உருபு தனியாக வந்து ஒட்டாது. அந்த அச்சில் ஊற்றினால் தமிழும் ஜப்பானியமும் ஓரளவுக்கு வழிந்துதான் போகும்.

உள்ளூர் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். கியோத்தோவின் புஜிதானி நரியகிரா (1738–1779) சொற்களை நான்காகப் பிரித்து, பெயரைத் தவிர்த்த மூன்றுக்கும் உடுப்பிலிருந்து பெயர் வைத்தார்: உடுத்தும் ஆடை, தலையில் செருகும் அணி, காலில் கட்டும் கயிறு. ஆடை என்பது வினையும் பண்பும்; மாற்றி மாற்றி உடுத்தலாம். தலையணி முன்னால் வரும் வினையடை முதலியன. கால்கட்டு பின்னால் ஒட்டும் இடைச்சொற்கள். சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதை உடம்பை வைத்துக் காட்டிய இந்தப் பெயரிடலுக்கு ஈடாக எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. அவர் காலத்தவரான மோதோஓரி நொரினாகா, ஒட்டுச்சொற்களை மணிகளைக் கோக்கும் நூலாகக் கண்டார். அவர் மகன் ஹருனிவா கண்பார்வை இழந்த பிறகு வினைகளின் உருமாற்றத்தை வரிசைப்படுத்தி 1808இல் வெளியிட்ட நூல்தான் பிற்காலத்து வினைவாய்பாடுகளுக்கெல்லாம் அடிமனை.

பிறகு வந்தவர் சுசுகி அகிரா (1764–1837). 1824இல் வெளிவந்த அவருடைய சிறு நூல் சொல் நான்கு வகை என்றது: பொருளைச் சொல்வது, நிலையைச் சொல்வது, செயலைச் சொல்வது, 'தெ-நி-வோ-ஹா' எனப்படும் ஒட்டுச்சொற்கள். முதல் மூன்றும் உலகத்தைச் சுட்டுகின்றன, நான்காவது எதையும் சுட்டுவதில்லை, அது பேசுபவரின் மனக்குரல் என்பது அவர் கருத்து. சியோலில் ஜப்பானிய அரசு நடத்திய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தொகியெதா மொதோகி 1941இல் இதை மறுபடி கையிலெடுத்து, சொற்களைச் சுட்டுவன, மனம் காட்டுவன என்று இரண்டே வகையாக்கினார். 'ந' ஒட்டி வரும் பண்புச்சொல்லைத் தனி வகையாக ஏற்க அவர் மறுத்தார். அது வெறும் பெயர், பக்கத்தில் நிற்பது வேறு சொல் என்றார். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

சுசுகி தொல்காப்பியத்தைக் கண்டிருக்க வழியில்லை. ஆனால் இடையியலைப் படித்தவருக்கு அவர் சொல்வது அந்நியமாகத் தோன்றாது. தொல்காப்பியம் இடைச்சொல்லை ஏழாக எண்ணும்போது, வேற்றுமை உருபு, சாரியை, உவம உருபு முதலியவற்றோடு, பேசுபவர் குறிப்புக்கு ஏற்பப் பொருள் தருபவை என்று ஒரு கூட்டத்தையும் வைக்கிறது. 'மன்' என்ற ஒரே அசை கழிந்துபோனதையும் காட்டும், ஆக்கத்தையும் காட்டும், சொல்லாமல் விட்டதையும் காட்டும். 'தில்' விருப்பத்தைக் காட்டும். 'உம்' எட்டுப் பொருளில் வரும். இவை எதையும் சுட்டுவன அல்ல, எல்லாம் மனக்குரல்தான்.

ஆனால் தமிழ் அளவுகோல் வேறு. உரு மாறுகிறதா என்று தொல்காப்பியம் கேட்கவில்லை. தனக்கென்று நிலை உண்டா, பெயரையும் வினையையும் சார்ந்துதான் நடக்குமா என்றே கேட்கிறது. ஹஷிமோதோவின் முதல் வெட்டு மட்டும் இங்கே இருக்கிறது, இரண்டாவது இல்லை. அதனால்தான் வினையில் காலம் காட்டும் உறுப்பும், பெயரில் ஒட்டும் உருபும், வாக்கிய முடிவில் வரும் ஏகாரமும் ஒரே இடைச்சொல் கூடையில் விழுகின்றன. ஜப்பானியத்தில் காலம் காட்டும் 'தா' உரு மாறும் துணைச்சொல் பக்கம் போய்விடும். 'ஓ', 'நி' மாறாத ஒட்டுச்சொல் பக்கம் நிற்கும்.

உரிச்சொல்லைப் பற்றி விரிக்கப் போவதில்லை. அது அடைச்சொல்லா, வேர்ச்சொல்லா, அருஞ்சொல் பட்டியலா என்று உரையாசிரியர் காலம் தொட்டு நடக்கும் சண்டை தனிக் கட்டுரைக்கு உரியது. நடைமுறையில் உறு, தவ, நனி எல்லாம் பேச்சை விட்டுப் போய், அந்த இடத்தில் 'ரொம்ப' உட்கார்ந்திருக்கிறது. அது 'நிரம்ப' என்ற வினையெச்சம். உரு மாறிக்கொண்டிருந்த சொல் ஒரு கட்டத்தில் உறைந்து மாறாச் சொல்லானது. இக்கால அகராதிக்காரர்கள் உரியை மெல்ல ஓரம் கட்டிவிட்டார்கள். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பெயரடை, வினையடை, இடைச்சொல் என்றே குறிக்கிறது. 'அந்த', 'ஒவ்வொரு', 'மற்ற' போன்றவை ஜப்பானியப் பள்ளி இலக்கணத்தில் பெயரை மட்டும் தழுவும் அடையாகத் தனி வகுப்பு பெற்றவற்றின் நேர்ப் பங்காளிகள்.

மூன்றாவது அளவுகோல் மலாய்க்காரர்களுடையது. மலாயில் வினை காலத்துக்கு மாறாது. 'பெர்கி' என்றால் போ; போனதற்கு முன்னால் 'சுடா', போகப்போவதற்கு 'அக்கான்'. முன்னொட்டும் பின்னொட்டும் ஏராளம், ஆனால் காலமும் இடமும் பாலும் வினையில் ஏறுவதில்லை. உருமாற்றத்தை வைத்துப் பிரித்தால் பாதி மொழி ஒரே வகுப்பில் உட்கார்ந்துவிடும். ராஜா அலி ஹாஜி 1857இல் அரபு இலக்கணத்தைப் பின்பற்றிப் பெயர், வினை, 'ஹர்ஃபு' எனப்படும் இடைச்சொல் என்று மூன்றாகப் பிரித்தார். நெகிரி செம்பிலானின் கோலப்பிலா பக்கத்தில் 1895இல் பிறந்த ஸஅபா, 1940இல் வெளியான தம் இலக்கணத்தில் பொருளை வைத்து ஐந்தாக்கினார்: பெயர், செயல், பண்பு, 'செண்டி' என்ற இணைப்பு, விளி. 1980களில் அரசு மொழி நிறுவனமான தேவான் பஹாசா வெளியிட்ட 'தாத்தாபஹாசா தேவான்' வாக்கியத்தில் சொல் செய்யும் வேலையைப் பார்த்து நான்காக்கியது. முதல் மூன்றில் அடங்காதவை எல்லாம் 'காத்தா துகாஸ்', வேலைச்சொல். மறுப்பு, வினா, அழுத்தம், திசை, எண் என்று பத்துப் பதினைந்து கிளை அதற்குள் இருக்கிறது.

ஜப்பானியர் உருவைப் பார்த்தார்கள், தமிழர் சார்பைப் பார்த்தார்கள், மலாய்க்காரர் வேலையைப் பார்த்தார்கள். யாரும் தவறு செய்யவில்லை. அவரவர் மொழியில் எது கண்ணில் அடித்ததோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு மொழிச் சொல் இன்னொரு மொழிக்குள் நுழையும் இடத்தில் ஒற்றை அளவுகோல் போதாது. ரஹாங் பேச்சு அதைக் கண்முன் காட்டுகிறது.

தோட்டத்துக்குள் முதலில் வந்த மலாய்ச் சொற்கள் தமிழ்ப் பெயர்களாகவே மாறிவிட்டன. ரப்பரைக் குறிக்கும் 'கெத்தா' கித்தாவானது, கித்தாக்காடு என்று தொகையாயிற்று. 'மங்கோக்' என்ற கிண்ணம் வாலறுந்து 'மங்கு' ஆகி, 'மங்குல பாலு நெறஞ்சிருச்சு' என்று உருபு ஏற்றது. கிராமத்தைக் குறிக்கும் 'கம்போங்' இன்னும் ஒரு படி மேலே போய்க் 'கம்பம்' ஆகி, மரம் 'மரத்துல' ஆவது போலக் 'கம்பத்துல' என்று சாரியையே வாங்கிக்கொண்டது. முந்தைய தலைமுறைச் சொற்கள் இவை. பிந்தி வந்தவை அப்படி இளகவில்லை. காப்பிக்கடையைக் குறிக்கும் 'கோப்பித்தியாம்' மகரத்தில்தான் முடிகிறது. ஆனாலும் 'கோப்பித்தியாம்ல உக்காந்திருக்கான்' என்கிறார்களே தவிர 'கோப்பித்தியாத்துல' என்று யாரும் சொல்வதில்லை. உருபு வெளியே ஒட்டுகிறது, சொல்லின் உடம்பு அப்படியே இருக்கிறது. யாமாவின் பிடிவாதம்தான் இது. அந்நியச் சொல்லிடம் தமிழ்ப் பெயர், ஜப்பானியப் பெயரைப் போல நடந்துகொள்கிறது.

வினையில் இது இன்னும் துலக்கம். 'லெப்பாக் பண்ணிட்டு திரியிறான்', 'தாப்பாவ் பண்ணிட்டு வந்துரு', 'கோத்தோங் ரோயோங் பண்ணி கோயில் வாசலக் கூட்டுனோம்.' முதலாவது மலாய், வெட்டியாகப் பொழுது போக்குவது; இரண்டாவது கந்தோனீசு, சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்குவது; மூன்றாவது மறுபடி மலாய், கூட்டாக வேலை செய்வது. மூலமொழியில் லெப்பாக்கும் தாப்பாவும் வினைகள். தமிழுக்குள் கால் வைத்தவுடன் அவை பெயர்போல் உறைந்து நிற்கின்றன, ஓடுவதெல்லாம் 'பண்ணு'. பண்புக்கும் இதே வழிதான். தமிழில் பெயரோடு 'ஆன', 'ஆக' சேர்க்கிறோம்: அமைதியான, அமைதியாக. ஜப்பானியத்தில் 'ஷிஸுகா' என்றால் அமைதி. 'ஷிஸுகா ந', 'ஷிஸுகா நி'. நம் 'ஆன' ஆகு என்ற வினையிலிருந்து வந்தது. அவர்களுடைய 'ந' இரு என்று பொருள்படும் பழைய வினையின் மிச்சம். தொகியெதா எழுப்பிய சந்தேகத்தை அப்படியே 'அமைதியான' மேலும் வைக்கலாம்: இது ஒரு சொல்லா, பெயரும் இன்னொன்றுமா? க்ரியா அகராதி 'அமைதி' என்ற பெயரைத் தந்து, பக்கத்தில் ஆன, ஆக ஏற்கும் என்று குறித்துவிட்டு நகர்கிறது. எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

'என்று' பற்றியும் சொல்ல வேண்டும். பால்வெட்டுக்குப் போக முடியாத காலையில் 'மழை சோன்னு ஊத்துது' என்பார்கள். 'சோ' உரு மாறாது, தனியாகவும் நிற்காது. 'என்று' தேய்ந்த 'ன்னு' அதை வினையோடு கட்டுகிறது. ஜப்பானியத்தில் பளிச்சென்று மின்னுவதற்கு 'பிகா'. அதைக் கட்டும் கயிறு 'தொ'. இருவருமே, பிறர் சொன்னதை மேற்கோள் காட்டவும் அதே சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தொல்காப்பியம் 'என', 'என்று' இரண்டையும் இடைச்சொல்லில் வைத்து, இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றோடு சேரும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் பழைய தமிழ் இலக்கணம் பள்ளி ஜப்பானிய இலக்கணத்தைவிடக் கூர்மை.

இப்படி வரிசையாகப் பொருத்தம் காணும்போது, தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம்தானோ என்ற ஆசை வரும். ஓனோ சுசுமு (1919–2008) அந்த ஆசையை ஆய்வாக்கியவர். யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரோடும் தமிழகத்துப் பொற்கோவோடும் சேர்ந்து பல ஆண்டு உழைத்தார். தமிழர் மேடைகளில் அவர் பெயர் இன்றும் கைத்தட்டல் வாங்கும். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. ஒட்டுச்சொல் பின்னால் வருவதும் வினை கடைசியில் நிற்பதும் கொரியத்திலும் மங்கோலியத்திலும் துருக்கியிலும் இருக்கிறது. ஒரே வார்ப்பு என்பதால் ஒரே வயிறு ஆகிவிடாது. பொருத்தம் உறவைக் காட்டாவிட்டாலும் குறைந்துவிடுவதில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரே வழி கண்டன என்பது எனக்கு அதைவிடச் சுவையானது.

ஜப்பானியம் இந்த மண்ணுக்கு முதலில் வந்தது சுவரொட்டியாக இல்லை, துப்பாக்கியோடு. 1941 டிசம்பர் 8இல் கோத்தாபாருவில் இறங்கிய படை, மறு ஜனவரியில் சிரம்பானைப் பிடித்தது. பள்ளிகளில் ஜப்பானியம் கற்பித்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. அந்த மூன்றரை ஆண்டில் கற்றதில் பெரியவர்கள் நாக்கில் தங்கியவை 'கெம்பித்தாய்', 'பக்கேரோ' போன்றவைதான். ஒன்று இராணுவப் போலீசின் பெயர், மற்றது வசவு. ஒரு வினைவாய்பாடும் மிஞ்சவில்லை. அந்நிய மொழி போகும்போது உருமாற்றத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. உறைந்த சொற்களை மட்டும் விட்டுப்போகிறது.

ஒட்டுச்சொல் அவ்வளவு எளிதாக மொழி தாண்டாது என்பார்கள். ஆனால் 'லா' தாண்டியிருக்கிறது. மலாய் இலக்கணம் 'லா'வை அழுத்தச்சொல் என்று வேலைச்சொற்களில் வைக்கும். 'சரி லா', 'வாங்க லா', 'அதெல்லாம் வேணாம் லா.' தமிழ்நாட்டிலிருந்து வருபவர் இதை நம் 'ல'வோடு குழப்பிக்கொள்வார். 'வந்துட்டான்ல?' என்பது 'இல்ல' தேய்ந்தது. எதிராளியிடம் ஆமாம் கேட்கிறது. 'வந்துட்டான் லா' எதையும் கேட்கவில்லை. பேச்சை முடித்து, விட்டுவிடு என்கிறது. ஜப்பானியத்தில் முதல் வேலைக்கு 'நெ', இரண்டாவதற்குப் பக்கத்தில் 'யோ'. தமிழில் இந்த வேலையின் ஒரு பகுதியைத் தேற்ற ஏகாரம் செய்துகொண்டிருந்தது. லா அதைத் துரத்தவில்லை, 'அவனே லா செஞ்சான்' என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. தேர்வுத்தாளில் லா எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார்; அது சரிதான், எழுத்துத் தமிழ் வேறு. ஆனால் சொல்வகை கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: பேசுபவர் குறிப்பால் பொருள் தரும் இடைச்சொல்.

அந்நியச் சொல் வினையாக உள்ளே வரவே முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஜப்பானியத்தில் பிரெஞ்சு 'சபோதாஜ்' அறுபட்டு 'சபோரு' என்று முழு வினையாகிவிட்டது. வகுப்புக்கு மட்டம் போட்டவன் 'சபோத்தா' என்பான். கூகுளில் தேடுவது 'குகுரு'. தமிழிலும் ஒரு காலத்தில் அந்த வாசல் திறந்திருந்தது. வடசொல்லோடு இகரம் சேர்த்து யோசித்தான், பூசித்தான், பிரகாசித்தது என்று நூற்றுக்கணக்கில் உள்ளே விட்டோம். அது ஏட்டில் புழங்கியவர்கள் திறந்த வாசல். தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பேசியவர்கள் அதைத் தொடவில்லை. மலாய்ச் சொல், சீனச் சொல், இப்போது செனவாங்கின் ஜப்பானியச் சொல், எதுவானாலும் 'பண்ணு'வோடுதான் வருகிறது. 'நேத்து கடையில தாப்பாவித்தேன்' என்று ரஹாங்கில் யாராவது சொன்னால், கேட்டவர் முதலில் சிரிப்பார், பிறகு எந்த ஊர் என்று விசாரிப்பார்.